டெக்சாஸில் நர்ஸ் லைசென்ஸ்: மறுபடி படிக்க வேண்டாம், காகிதத்தை நகர்த்துங்கள்

வாசகர் கடிதம்: வணக்கம் சிஸ்டர். நான் மதுரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் 2014-இல் பி.எஸ்சி. நர்சிங் முடித்தேன். நான்கு வருடம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தேன். 2019-இல் கல்யாணம் முடிந்து ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கான விசா) டாலஸ் வந்தேன். ஒரு பெண் குழந்தை. கணவருக்குக் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு போன வருடம் அப்ரூவ் ஆகிவிட்டது. ஒரு ஏஜென்சிக்காரர்கள், "6,000 டாலர் கட்டுங்கள், விசாஸ்கிரீன் சான்றிதழ் உட்பட எல்லாம் நாங்களே பார்த்து ஆறு மாதத்தில் லைசென்ஸ் வாங்கித் தருகிறோம்" என்கிறார்கள். தெரிந்த அக்கா ஒருவர், "நம்ம ஊர் டிகிரி இங்கே செல்லாது, முதலிலிருந்து படி" என்கிறார். யாரை நம்புவது? ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, என்கிளெக்ஸ் நர்சிங் தேர்வு, சர்டிஃபிகேட் சரிபார்ப்பு, இதில் எதை முதலில் செய்வது? தமிழ்நாடு கவுன்சில் பதிவை நான் புதுப்பிக்கவே இல்லை. ஆறு வருடம் ஊசி பிடிக்காத கை, பயமாகவும் இருக்கிறது. ஊரில் என் நாத்தனார் ஜிஎன்எம் நர்சிங் டிப்ளோமா முடித்திருக்கிறாள், அவளுக்கு வழி உண்டா என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மறுபடியும் முதல் வருடத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் முறையாக நான்கு வருடம் படித்து, கவுன்சிலில் பதிவும் செய்த நர்ஸ், அமெரிக்காவில் என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வு எழுதி ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் வாங்கலாம். நானும் அப்படித்தான் வாங்கினேன். அந்த அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். யாருக்கோ டிகிரி சரிபார்ப்பில் ஒரு பாடம் குறைந்திருக்கும், அந்த ஒரு பாடத்தைப் படிக்கச் சொல்லியிருப்பார்கள். அது வாய் மாறி வாய் மாறி "முதலிலிருந்து படி" என்று ஆகியிருக்கும்.

ஏஜென்சி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வேறு, வேலை செய்யும் அனுமதி வேறு, கிரீன் கார்டு வேறு. லைசென்ஸ் தருவது மாநிலத்தின் நர்சிங் போர்டு. வேலை அனுமதி தருவது குடியேற்றத் துறை. என்னிடம் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டு, எந்த நுனியை இழுப்பது என்று தெரியாமல் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹெச்-4-இல் இருந்துகொண்டே நீங்கள் டிகிரியைச் சரிபார்க்கக் கொடுக்கலாம், தேர்வு எழுதலாம், படிக்கவும் செய்யலாம். சம்பளத்துக்கு வேலை செய்யத்தான் கூடாது.

உங்களுக்கு அந்த வேலைக் கதவும் பாதி திறந்தே இருக்கிறது. ஹெச்-1பி-யில் இருக்கும் கணவருக்கு ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தால், ஹெச்-4-இல் இருக்கும் மனைவி வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2015-இல் வந்த விதி இது. ஐ-765 என்ற படிவம். அதே படிவத்திலேயே சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் வேண்டும் என்று குறிப்பிட்டுவிடலாம். இதை இன்றைக்கே தொடங்குங்கள். ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், லைசென்ஸ் விஷயத்திலும் அந்த எண் குறுக்கே வந்து நிற்கும். கலிஃபோர்னியா போல அதற்குப் பதிலாக ஐடிஐஎன் என்ற வரி எண்ணை ஏற்கும் மாநிலம் உண்டு. ஆனால் டெக்சாஸ் சேர்ந்திருக்கும் கூட்டு ஒப்பந்தத்தின்படி பல மாநிலங்களில் செல்லுபடியாகும் மல்டிஸ்டேட் லைசென்ஸ் வேண்டுமென்றால், சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் கிடைக்காது. அந்த லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டால் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனித்தனியாக விண்ணப்பிக்காமல் வேலை பார்க்கலாம். கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய் மூன்றும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. கணவர் வேலை மாறி அங்கே போக வாய்ப்பு இருந்தால் இப்போதே வீட்டில் பேசி வையுங்கள்.

மாநிலத்தை முதலில் முடிவு செய்யுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். அமெரிக்கா முழுவதற்கும் ஒரே நர்சிங் கவுன்சில் என்று கிடையாது. தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அதை எழுத உங்களை அனுமதிப்பது அந்தந்த மாநில போர்டு. ஒரு போர்டு சாதாரணமாக ஏற்கும் மார்க்ஷீட்டை இன்னொரு போர்டு குடைந்து குடைந்து பார்க்கும். கலிஃபோர்னியாவில் ஒரு பாடத்தின் தியரியும் அதன் கிளினிக்கலும் ஒரே காலகட்டத்தில் நடந்திருக்க வேண்டும் என்பார்கள். தியரி முதல் வருடம், வார்டு போஸ்டிங் அடுத்த வருடம் என்று படித்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். நீங்கள் டாலஸில் வீடு எடுத்து நிலையாக இருப்பதால் டெக்சாஸ்தான் உங்களுக்குச் சரி.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி, எதை முதலில் செய்வது? பெரும்பாலும் புத்தகத்தை வாங்கி என்கிளெக்ஸ் படிக்கத்தான் எல்லோரும் உட்காருவார்கள். நான் சொல்வது வேறு. முதலில் ஊரில் இருக்கும் காகிதத்தை நகர்த்துங்கள். படிப்பு உங்கள் கையில் இருக்கிறது, ராத்திரி குழந்தை தூங்கியதும் படிக்கலாம். காகிதம் உங்கள் கையில் இல்லை.

டெக்சாஸ் போர்டு உங்கள் டிகிரியை நேரடியாக எடைபோடாது. ஓர் அமைப்பு அதைப் பரிசோதித்து, அமெரிக்கப் படிப்புக்கு இணையா என்று அறிக்கை தர வேண்டும். இதில் பழைய அமைப்பு 1977-இல் தொடங்கிய சிஜிஎஃப்என்எஸ். இப்போது ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், பழைய பெயரைச் சொன்னாலும் எல்லோருக்கும் புரியும். அவர்களுடைய சிஇஎஸ் ப்ரொஃபெஷனல் ரிப்போர்ட்தான் உங்களுக்குத் தேவை. கணக்கு ஆரம்பித்துப் பணம் கட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். அதற்குப் பிறகுதான் காத்திருப்பு.

உங்கள் மார்க்ஷீட்டை நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்பினால் அவர்கள் ஏற்க மாட்டார்கள். ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை மணி நேரம் தியரி, எத்தனை மணி நேரம் கிளினிக்கல் என்று எழுதிய டிரான்ஸ்கிரிப்ட், படித்த இடத்திலிருந்து நேராக அவர்களுக்குப் போக வேண்டும். அதேபோல, உங்கள் பதிவு உண்மைதான் என்ற சான்று தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலிலிருந்து நேராகப் போக வேண்டும். நடுவில் உங்கள் கை பட்டாலே அது செல்லாது. இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கோபம் வரும், எனக்கும் வந்தது. 2023 ஜனவரியில், ஃப்ளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளோமாக்கள் விற்கப்பட்டதை அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் வெளியே கொண்டுவந்து 25 பேர் மீது வழக்குப் போட்டது. உள்ளூரிலேயே அப்படி நடந்திருக்கும்போது, எங்கிருந்தோ வரும் ஒரு காகிதத்தைச் சும்மா நம்ப மாட்டார்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் அது சரிதான் என்று எனக்கும் படுகிறது.

நான் படித்த கல்லூரி என் டிரான்ஸ்கிரிப்டை அனுப்ப எட்டு மாதம் எடுத்துக்கொண்டது. மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. போன் செய்தேன், "அடுத்த வாரம்" என்றார்கள். கடைசியில் என் அப்பா பஸ் பிடித்துப் போய், அலுவலக வாசலில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து, சாயங்காலம் கையெழுத்து வாங்கி, கூரியர் ரசீதோடுதான் திரும்பினார். அதனால் சொல்கிறேன், ஊரில் நேரில் போகக்கூடிய ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். அவர் கையில் நீங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், உங்கள் பல்கலைக்கழகப் பதிவு எண், படித்த வருடங்கள், பாஸ்போர்ட் நகல், நிரப்ப வேண்டிய படிவம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். படிவத்தில் கேட்டிருக்கும் மணி நேரக் கணக்கைக் கல்லூரி வெற்றாக விட்டுவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள். கோப்பு திரும்பி வருவதற்கு முக்கால்வாசி நேரம் அதுதான் காரணம். டிகிரி கொடுத்தது சென்னை கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்றால், அங்கிருந்து என்ன வர வேண்டும், கல்லூரியிலிருந்து என்ன வர வேண்டும் என்பதைச் சரிபார்ப்பு அமைப்பிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் ஆள் இரண்டு ஊருக்கும் நடையாய் நடப்பார். பிளஸ் டூ சான்றிதழையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், பள்ளிப் படிப்பையும் பார்ப்பார்கள்.

கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டதை நினைத்துப் பதற வேண்டாம். நீங்கள் முன்பு பதிவு செய்த நர்ஸ் என்ற உண்மை அழிந்துபோகவில்லை. ஆனாலும் முதலில் புதுப்பித்துவிட்டு அப்புறம் சான்று கேளுங்கள். காலாவதியான பதிவோடு ஒரு சான்று வந்தால் அமெரிக்காவில் இன்னொரு கேள்வி, இன்னொரு கடிதம் என்று இழுத்துக்கொண்டே போகும்.

இன்னொன்று பெயர். நம்ம ஊர்க்காரர்களைப் போல இதில் அடிபடுகிறவர்கள் வேறு யாரும் இல்லை. மார்க்ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராக, கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், டெக்சாஸ் ஐ.டி.யில் முன்பெயர் பின்பெயர் இடம் மாறி. நான்கு காகிதத்தில் நான்கு பெண்கள்! என்கிளெக்ஸுக்குப் பதிவு செய்யும்போது கொடுக்கும் பெயர், தேர்வு நாளில் நீட்டும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போய்விடும். என்னுடன் வேலை பார்த்த ஒரு பெண் இப்படித் திரும்பி வந்து காரில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள். பழைய பெயரும் இதுவும் ஒருவரே என்பதற்குத் திருமணச் சான்றிதழும் நோட்டரி முன் கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழிக் கடிதமும் தயாராக வைத்திருங்கள்.

ஆங்கிலத் தேர்வு பற்றி. "நான் இங்கிலீஷ் மீடியத்தில்தானே படித்தேன்" என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. சில போர்டுகள் அதை ஏற்கும். ஆனால் மல்டிஸ்டேட் லைசென்ஸ் விதியில், பாடமொழி ஆங்கிலமாக இல்லாவிட்டாலும் சரி, தாய்மொழி ஆங்கிலமாக இல்லாவிட்டாலும் சரி, தேர்வு எழுத வேண்டும் என்றே இருக்கிறது. நம் தாய்மொழி தமிழ். எழுதிவிடுங்கள். எந்தத் தேர்வு, எவ்வளவு மதிப்பெண் என்பதைக் கோச்சிங் சென்டர்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், டெக்சாஸ் போர்டின் தளத்தில் பாருங்கள். ஆறு வருடம் இந்த ஊரில் கடை, பள்ளி, டாக்டர் என்று பேசிப் பழகிய உங்களுக்கு இது பெரிய மலை இல்லை.

விசாஸ்கிரீன் விஷயத்தில்தான் உங்கள் பணம் அநியாயமாகப் போக இருந்தது. 1996-ஆம் வருடக் குடியேற்றச் சட்டத்தில் வந்த ஏற்பாடு அது. நர்ஸாக வேலை செய்வதற்கென்றே விசாவோ கிரீன் கார்டோ வாங்கி வருகிறவர்களுக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம். கணவருடைய விசாவின் பேரில் மனைவியாக இருக்கிறவர்களுக்கு அது தேவையில்லை என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது. நீங்கள் ஹெச்-4 வேலை அனுமதியில் வேலைக்குப் போய், கிரீன் கார்டும் கணவர் வழியாகவே வரப்போகிறது என்றால், விசாஸ்கிரீனுக்கு ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம். நாளைக்கு ஒரு மருத்துவமனை உங்கள் பேரிலேயே ஸ்பான்சர் செய்கிறது என்ற நிலை வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், அதற்கும் ஐந்து வருடம்தான் ஆயுள். உங்கள் நிலைமை என்ன என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் அதையும் சேர்த்து விலை பேசிய ஏஜென்சியை நான் நம்ப மாட்டேன். "ஆறு மாதத்தில் லைசென்ஸ்" என்று யாராலும் உறுதி தர முடியாது. உங்கள் கல்லூரி அலுவலகம் எப்போது கடிதம் அனுப்பும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் செய்யும் எல்லாமே நீங்களே செய்யக்கூடிய படிவம் நிரப்பும் வேலைதான். தேர்வுக் கட்டணம் 200 டாலர், அது தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்துக்குத் தனியாகக் கட்டுவது. சரிபார்ப்பு, ஆங்கிலத் தேர்வு, போர்டு கட்டணம், கைரேகை எல்லாம் சேர்த்தாலும் அவர்கள் கேட்ட தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

சரி, இப்போது தேர்வு. போர்டு உங்களுக்குத் தகுதி இருக்கிறது என்று சொன்னதும் ஏடிடி என்ற அனுமதி மெயிலில் வரும். அது வழக்கமாக மூன்று மாதம் போலத்தான் செல்லும், அதற்குள் எழுத வேண்டும். டாலஸிலேயே எழுதலாம். 2023 ஏப்ரலிலிருந்து தேர்வின் வடிவம் மாறியிருக்கிறது, அதனால் பழைய புத்தகங்களை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஐந்து மணி நேரம், குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. நீங்கள் சரியாகப் பதில் சொல்லச் சொல்ல கேள்வி கடினமாகிக்கொண்டே போகும். 85-இலேயே திரை அணைந்தால் பாஸ் என்றும் அர்த்தமில்லை, ஃபெயில் என்றும் அர்த்தமில்லை. ஒரு நோயாளியின் கோப்பை முழுதாகக் கொடுத்து, அடுத்தடுத்து ஆறு கேள்வி கேட்கும் கேஸ் ஸ்டடிகளும் வரும்.

நம்ம ஊரில் படித்தவர்கள் இந்தத் தேர்வில் தடுமாறுவது அறிவுக் குறைவால் இல்லை. பழக்கத்தால். நம் வார்டுகளில் நோயாளிக்கு ஏதாவது ஆனால், "டாக்டரைக் கூப்பிடு" என்பதுதான் முதல் அனிச்சை. இங்கே கேள்வி, அதற்கு முன் நர்ஸ் என்ன செய்வார் என்பது. மூச்சுத் திணறுகிறவரை நிமிர்த்தி உட்கார வைப்பீர்களா, ஆக்ஸிஜன் அளவைப் பார்ப்பீர்களா, போனை எடுப்பீர்களா? எல்லாப் பதிலும் சரியாகத்தான் தெரியும், எது முதலில் என்பதற்குத்தான் மார்க். அடுத்து, வேலையைப் பிரித்துக் கொடுப்பது. வெப்பநிலை எடுப்பது, குளிப்பாட்டுவது உதவியாளரிடம் போகலாம். நோயாளியை மதிப்பிடுவது, அவருக்குச் சொல்லிக்கொடுப்பது, முடிவெடுப்பது ஆர்.என். கையைவிட்டுப் போகக் கூடாது. ஐ.சி.யூ.வில் நான்கு வருடம் இருந்த உங்களுக்கு நோயாளியைப் பார்த்ததும் "இவர் சரியில்லை" என்று தோன்றுமே, அந்தக் கண்ணைத்தான் இந்தத் தேர்வு கேட்கிறது. மருந்துப் பெயர்களை மட்டும் புதிதாகப் பழகுங்கள். நம்முடைய பாராசிட்டமால் இங்கே அசெட்டமினோஃபென், சால்புட்டமால் இங்கே ஆல்புட்டரால், அட்ரினலின் இங்கே எபினெஃப்ரின், பெத்திடின் இங்கே மெபெரிடின். எடையைப் பவுண்டில் கொடுத்துவிட்டு டோஸை கிலோவுக்குக் கேட்பார்கள், 2.2-ஆல் வகுக்க மறந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

தவறிப்போனாலும் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். டெக்சாஸில் இதோடு ஜூரிஸ்ப்ருடென்ஸ் என்று அந்த மாநில நர்சிங் சட்டத்தைப் பற்றிய ஓர் ஆன்லைன் தேர்வும் இருக்கிறது. படித்துவிட்டு எழுதினால் பிரச்சினை இல்லை.

அந்த ஆறு வருட இடைவெளியைத்தான் நான் கொஞ்சம் கவலையோடு பார்க்கிறேன், மறைக்க விரும்பவில்லை. கடைசிச் சில வருடங்களில் நர்ஸாக வேலை பார்க்காதவரிடம் போர்டு ரிஃப்ரெஷர் கோர்ஸ் கேட்கலாம். அது திரும்ப டிகிரி படிப்பது இல்லை, தியரியும் மேற்பார்வையில் கொஞ்சம் கிளினிக்கலும் கொண்ட குறுகிய பயிற்சி. உங்கள் வேலை வருடங்களைச் சொல்லி, எனக்கு இது தேவைப்படுமா என்று டெக்சாஸ் போர்டுக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கேட்டால் மனம் தளராமல் போய்ச் சேருங்கள். அந்தப் பயிற்சியில்தான் கை திரும்ப வரும். இடையில் வேலை அனுமதி வருவதற்கு முன், யாராவது கிளினிக்கில் "சும்மா வந்து உதவுங்கள், கையில் கொஞ்சம் தருகிறோம்" என்றால் போகாதீர்கள். விசாவுக்கும் கேடு, லைசென்ஸுக்கும் கேடு. மருத்துவமனைகளே நடத்தும் தன்னார்வலர் திட்டத்தில் சேரலாம். வார்டின் சத்தமும் வாசனையும் திரும்பப் பழகும்.

பயம் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் இங்கே முதல் நாள் ஷிஃப்டில் ஐ.வி. பம்பை இயக்கத் தெரியாமல் நின்றேன், பக்கத்தில் இருந்த நர்ஸ் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார். மிஷின்கள் மாறியிருக்கும், நரம்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு மருத்துவமனைகள் பல வாரம் ஓரியண்டேஷன் கொடுத்து, கூடவே நின்று சொல்லிக்கொடுக்க பிரிசெப்டர் என்ற அனுபவமுள்ள நர்ஸ் ஒருவரையும் நிறுத்துகின்றன. முதல் நாளே உங்களைத் தனியாக விட மாட்டார்கள்.

கடைசியாக உங்கள் நாத்தனார். ஜிஎன்எம் டிப்ளோமாவும் ஆர்.என். தேர்வுக்கு வழிதான், டிகிரி இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் ஐந்திலும் தியரியும் கிளினிக்கலும் அவர் காகிதத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏஎன்எம் (துணை நர்ஸ்-மருத்துவச்சிப் படிப்பு) மட்டும் படித்தவர்களுக்கு இந்த வழி கிடையாது. என்கிளெக்ஸை அவர் சென்னையிலேயே எழுதலாம், வெளிநாட்டு மையத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்று நான் சொன்ன விசாஸ்கிரீன் அவருக்குக் கட்டாயம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டு வரிசை பத்து வருடத்துக்கும் மேல் நீண்டிருக்கிறது. ஆகவே அமெரிக்காவை மட்டும் நம்பி ஊர் வேலையை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். சீக்கிரம் வெளியே போக வேண்டும் என்றால் பிரிட்டன் பக்கமும் பார்க்கட்டும். அங்கே கணினித் தேர்வை ஊரிலேயே எழுதிவிட்டு, ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வை அங்கே போய் எழுதலாம். ஐஇஎல்டிஎஸ்-இல் எழுத்துக்கு 6.5-உம் மற்ற மூன்றுக்கும் 7-உம் வேண்டும். அதனால் அவர் முதலில் தொடங்க வேண்டியது ஆங்கிலத்தை.